நேத்தும்

உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். ஆயா தண்டவாளத் துண்டில் தட்டி முடித்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை, ஏழாம் வகுப்பு, முப்பத்தொரு பெண்பிள்ளைகள். அத்தனை பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோகிலாமணி டீச்சரோ ஒரு கையில் தகர பிஸ்கட் டப்பாவும் மறு கையில் பாதித் தண்ணீர் பிடித்த பச்சை வாளியுமாக வெளியே நின்றுகொண்டு, செருப்பைக் கழற்றுவதற்கே ஒரு யுகம் எடுத்துக்கொண்டிருந்தாள். டப்பாவின் மூடியில் உண்டியல்போல ஒரு வாய் கீறியிருந்தது. அந்த வாயை அவள்தான் கத்தரிக்கோல் முனையால் கீறினாள், மூன்று வருடத்துக்கு முன்னால், விரலைக் கிழித்துக்கொண்டு. இப்போது அதைத் தொட்டால் அந்தத் தழும்பு தானாகச் சுருங்கியது. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன் ஓடிக்கொண்டிருந்தது. பல்லடத்துக்காரிக்குத் தறிச் சத்தம் காதில் விழாது என்பார்கள், பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அது மௌனத்தோடு சேர்ந்துவிடும். நாற்பத்துநான்கு வயதுவரை அவளுக்கும் விழவில்லைதான். இந்த இரண்டு வருடமாகத்தான் விழுகிறது. இரண்டே அசைகள், விடாமல், நேத்-தும், நேத்-தும், நேத்-தும். மேலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, எல்லா நடுநிலைப் பள்ளியிலும் பிள்ளைகளுக்குக் கோபத்தை அடக்கச் சொல்லித்தர வேண்டுமாம், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டுமாம். ‘நீங்கதான் டீச்சர் எடுக்கோணும். உங்க பொட்டி, வாளி எல்லாம் ஆபீசருங்களே மெச்சுனதாச்சே. ரெண்டு வருசமா ஏனுங்க உட்டுப்போட்டீங்க?’ என்று பெரிய டீச்சர் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியைக்கு அதுதான் பெயர். ஏன் விட்டேன்? கோகிலாமணி ‘சும்மாதானுங்க’ என்றாள். செருப்பு ஒருவழியாகக் கழன்றது.

பிள்ளைகள் எழுந்து நின்று இழுத்து இழுத்து வணக்கம் சொன்னார்கள். டப்பாவை மேசைமேல் வைத்தாள், வாளியைக் கீழே வைத்தாள், மேசையில் ஏற்கெனவே இருந்த காகிதக் கூழ்க் கூடையை, சாக்பீஸ் போட்டுவைக்கும் கூடையை, பார்க்காமல் ஓரமாகத் தள்ளினாள். கோவம் உங்களுக்கெல்லாம் எப்ப வரும், சொல்லுங்க பார்க்கலாம் என்று கேட்டதும் வகுப்பு சந்தையாகிவிட்டது. என்ற பேனாவக் கடிச்சுக் கடிச்சு வெக்கிறா டீச்சர் இவ. எங்கக்காளுக்கு மட்டும் புதுத்துணி, எனக்கு அவ போட்ட பழசு. ரேசன் கடைக்கு நாந்தான் போகோணும், எங்கண்ணன் போன நோண்டிக்கிட்டே இருப்பான். ஒருத்தி தன்னைக் குண்டூசி என்று யாரோ கூப்பிட்டதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் குண்டூசி குண்டூசி என்றார்கள். மூன்றாம் பெஞ்சிலிருந்து சஷ்டிகா எழுந்தாள். வகுப்பின் கோமாளி அவள், எழுந்தாலே பாதிப் பேர் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ‘எனக்குங்க டீச்சர், சனிக்கிழமன்னாலே கோவம் வந்துருமுங்க’ என்றாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். ‘லீவு நாள்ல கோவம் வர்ற மொத ஆளு நீதான் அம்மிணி’ என்று கோகிலாமணியும் சொன்னாள், அவளுக்கும் சிரிப்பு வந்தது, இன்றைக்கு முதன்முதலாக வந்த சிரிப்பு, அதனால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டாள். சஷ்டிகாவும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, நாடகத்தில் கும்பிடுவதுபோலக் கும்பிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடு, நாலு எண்ணி இழு, நாலு எண்ணி விடு. கோவம் வந்தால் உடனே பேசாதே, கையை ஓங்காதே, மனசுக்குள்ளே பத்து வரை எண்ணு. முப்பத்தொரு வாய் ஒன்று இரண்டு மூன்று என்று முணுமுணுத்தது. அதற்குப் பின்னால் தறி தன்பாட்டுக்கு இரண்டையே எண்ணிக்கொண்டிருந்தது. அப்படியும் அடங்காத கோவம் இருந்தால், என்று அவள் ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அவள் பேசியதில்லை, பழகிய வாய் பேசியது. சீட்டில் எழுதுங்க, பேர் வேண்டாம், நாலா மடிச்சு இந்தப் பெட்டியில போடுங்க, அத்தனையும் வாளித் தண்ணியில ஊறப்போட்டுக் கரைச்சிருவோம், கரைச்சதை வெந்தயம் போட்டு அரைச்சு அழகா ஒரு கூடை செய்வோம், நான் ஒண்ணைக்கூடப் படிக்க மாட்டேன், சத்தியமா. சத்தியமா என்ற சொல் வெளியே போன பிறகுதான் அவள் காதுக்கே கேட்டது. அதைச் சொல்லக் கூடாது என்று காலையில் பஸ்ஸில் வரும்போதே நினைத்திருந்தாள். பிள்ளைகள் நோட்டின் நடுத்தாளைச் சர்ர் சர்ரென்று கிழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

எழுதுவதற்குப் பதினைந்து நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தால் கூடை கண்ணுக்கு நேரே வரும், வந்தது. சாம்பல் நிறம், வாய் விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருக்கும், சுவரெல்லாம் அங்கங்கே நீலப் புள்ளி, பேனா மை. பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயம் சேர்த்து ஆட்டி, குண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் காயவைத்தால் கூடை. கோகிலாமணியின் அம்மா செய்வாள், ஊரில் எல்லோரும் செய்வார்கள், அதில் அவள் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. செய்தித்தாளுக்குப் பதிலாகப் பிள்ளைகளின் கோபத்தை ஊறப்போட்டது மட்டும்தான் அவள் யோசனை. என்ன பெருமை அப்போது! அதிகாரிகள் வந்து கூடைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், கோபத்திலிருந்து ஒரு பாத்திரம் என்று ஒருவர் உருகிப்போனார், அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள், அந்தச் சால்வை இன்னும் பீரோவில் பாலிதீன் உறை பிரிக்காமல் கிடக்கிறது. இந்தக் கூடையைச் செய்தவள் யோகஸ்ரீ. கூழை அப்பும்போது விரலில் பலம் அதிகம், அதனால்தான் விளிம்பு நெளிந்தது. ஆறாம் வகுப்பு முடியும்வரை பள்ளிக்கூடமே அவளைப் பார்த்தால் ஒதுங்கும். ஒருத்தியின் கையைக் கடித்து ரத்தம் வரவைத்தாள், ஜன்னல் கண்ணாடியை டிபன் பாக்ஸால் உடைத்தாள், அடித்தால் அழ மாட்டாள், முறைப்பாள். அப்படிப்பட்டவள் ஏழாம் வகுப்பில் கோபப் பெட்டி வந்த மூன்றே மாதத்தில் பசுமாதிரி ஆகிவிட்டாள். வாராவாரம் எல்லோரும் நாலு வரி எழுதினால் அவள் இரண்டு பக்கமும் எழுதுவாள். எழுதி முடித்ததும் அவளே வந்து வாளிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சியை வாங்கிக் கலக்குவாள், மை பிரிந்து தண்ணீர் நீலமாகும்வரை கலக்குவாள். அதிகாரிகளிடம் கோகிலாமணி அவளைத்தான் காட்டினாள். தோளில் கைபோட்டு நிறுத்தி, இவதானுங்க சார், எப்படி இருந்தவ பாருங்க இப்ப எப்படி ஆயிட்டா என்று. தோள் கைக்கடியில் விறைத்து நின்றது, அதுவும் இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்போது கை அதைத் தெரிந்துகொண்டது, மனசு தெரிந்துகொள்ளவில்லை. அந்தப் பிள்ளையிடம் இருந்தது ஒரே ஒரு ஆயுதம், அந்தக் கோபம். அதையும் நயமாகப் பேசி வாங்கிவைத்துக்கொண்டேனே!

அந்த வெள்ளிக்கிழமை ஒன்றும் விசேஷமான நாளில்லை. மார்கழி, சீக்கிரமே வெயில் மங்கிவிட்டது, பிள்ளைகள் போய்விட்டார்கள், யோகஸ்ரீ மட்டும் குச்சியோடு வாளிப் பக்கத்தில். கோகிலாமணி டப்பாவின் மூடியைத் திறந்தாள். எல்லாச் சீட்டும் மடித்துக் கிடக்க, மேலாக ஒன்று விரித்தபடி கிடந்தது. மடிக்கவே இல்லை. மூடியின் வாய் வழியாக விரித்த தாள் போகாது, மூடியைத் திறந்து உள்ளே வைத்திருக்க வேண்டும், எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி. இதையெல்லாம் அப்புறம் நூறு தடவை யோசித்துக் கண்டுபிடித்தாள். அந்த நிமிடம் தோன்றியது ஒன்றே ஒன்றுதான், ஐயோ கண்ணில் பட்டுவிடப் போகிறது, வாக்குக் கொடுத்திருக்கிறேனே. சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவி அந்தத் தாளை நாலாக மடித்தாள். மடித்து வாளியில் போட்டாள். பார்த்தாயா, டீச்சர் எவ்வளவு யோக்கியம் என்பதுபோல யோகஸ்ரீயைப் பார்த்து ஒரு புன்னகை வேறு செய்தாள். யோகஸ்ரீ கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். அப்புறம் குச்சியால் அதை அடியில் அமுக்கிக் கலக்க ஆரம்பித்தாள். ஊறியதை அன்றைக்கே அரைத்துக் குண்டாமேல் அப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். முகத்தைத் திருப்புவதற்கு முந்தின அரை நொடியில் ஒரே ஒரு சொல் கண்ணில் விழுந்திருந்தது, முதல் சொல், பெரிய எழுத்தில், நேத்தும். அவ்வளவுதான். அதற்குப் பின்னால் என்ன? ஏன் பார்க்கவில்லை என்று யாராவது கேட்டால் அதற்கும் அவளிடம் ஒரு கதை இருந்தது. பதினாலு வயதில் அவள் நோட்டில் எழுதிவைத்திருந்ததை அவள் அக்கா ஒரு கல்யாண வீட்டில் ஒறம்பரை சனம் அத்தனை பேர் மத்தியில் உரக்கப் படித்துக் காட்டினாள், கிழவிகள்கூடச் சிரித்தார்கள், அன்றைக்கே இவள் மனசுக்குள் சபதம் எடுத்தாள், இன்னொருத்தர் எழுதியதை என் ஜென்மத்துக்கும் தொட மாட்டேன் என்று. நல்ல சபதம்தான். அந்தச் சபதத்தை யார் தலையில் கொண்டுபோய் நிறைவேற்றினேன் பார்!

திங்கட்கிழமை யோகஸ்ரீ வரவில்லை. செவ்வாய், புதன். அவள் அம்மாவும் அம்மாவோடு இருந்த ஆளும் தறி ஓட்டுகிறவர்கள், குடோனுக்குப் பின்னால் லைன் வீடு. வியாழக்கிழமை கோகிலாமணி போனபோது அந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது, உள்ளே ஒரு ஒற்றைப் பிளாஸ்டிக் செருப்பும் காலண்டரும் தவிர ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் தார் சுற்றிக்கொண்டே சொன்னாள், நூல் ராட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். ‘ஞாயித்துக்கெழம சாமானெல்லாம் டெம்போவுல ஏத்துனாங்க. எந்தூருக்குன்னு சொல்லலீங்க. அந்தம்மா முன்னால உக்காந்துச்சு, அந்தாளு உக்காந்தான். பெரிய புள்ளயா? ஆமா, அது இருந்துச்சா என்னன்னு நெனப்பில்லீங்களே.’ இருந்ததா என்ன என்று நினைப்பில்லை. வீடு திரும்பும்வரை கோகிலாமணி அந்த வாக்கியத்தையே மென்றாள். பெரிய டீச்சர் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னார்கள், மையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள். ‘பிள்ளை உங்ககிட்ட எதாச்சும் சொல்லுச்சாங்க, டீச்சர்?’ என்று கேட்டார்கள். இல்லீங்க என்றாள். சொல்லவில்லைதானே, எழுதியதுதானே. அப்போது அவர்கள் முன்னால் மேசையில் கூடை இருந்தது, அப்போதுதான் காய்ந்திருந்தது, வெந்தய வாசனை அறை முழுக்க அடித்தது. வந்தவர்களில் ஒருவர் பேனாவை அதில் போட்டுவிட்டு எழுந்தார். இந்தக் கூடைக்குள்ளேதான் இருக்கிறது, சுவரில் எங்கேயோ, நேத்தும் என்று தொடங்குகிற இரண்டு பக்கம், அரைத்து அப்பிக் காய்ந்து. விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறாள், பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்திருக்கிறாள், நீலப் புள்ளிதான், எழுத்தில்லை. வீட்டில் வெந்தயக் குழம்பை நிறுத்தி இரண்டு வருடமாகிறது, வீட்டுக்காரர் கேட்டால் கசக்குதுங்க என்பாள். நீண்ட நாள் வராத பிள்ளை என்று பதிவேட்டில் யோகஸ்ரீயின் பெயர் மேல் ஒரு சிவப்புக் கோடு. யாரும் வந்து வாங்காத மாற்றுச் சான்றிதழ் அலுவலக அலமாரியில் மூன்றாம் தட்டில். வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலாவது சேர்த்திருந்தால் அது இல்லாமலா சேர்த்திருப்பார்கள், யாராவது ஒரு கடிதமாவது போட்டிருக்க மாட்டார்களா. அந்தத் தட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கை தானாக அதைத் தடவிப் பார்க்கும். இருக்கும். இருக்கிறதே என்பதுதான் பயம்.

நேத்தும் பள்ளிக்கூடத்துக்கு லேட்டானதுக்குத் திட்டுனாங்க என்று இருக்கலாம். நேத்தும் சோறு குழைஞ்சுபோச்சு. நேத்தும் எங்கம்மா என்னை விட்டுட்டு கோயில் நோம்பிக்குப் போயிருச்சு. பகலில் இந்த மாதிரி வாக்கியங்களாகப் பொறுக்கி அடுக்குவாள், பாரேன் எவ்வளவு சாதாரணம் என்று தனக்கே காட்டுவாள். ஆனால் அவள் வேண்டாமென்றாலும் தறி வேறு மாதிரி முடித்துக் கொடுக்கும். நேத்தும் அந்தாளு. அந்த இடத்தில் மனசு முட்டி நிற்கும், அப்புறம் திரும்பவும் முதலிலிருந்து, நேத்-தும், நேத்-தும். ஒன்றைப் பற்றி மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. ‘நேத்து’ என்று எழுதவில்லை, ‘நேத்தும்’ என்று எழுதினாள். அப்படியானால் முந்தின வாரமும் எழுதியிருக்கிறாள், அதற்கு முந்தின வாரமும், இரண்டிரண்டு பக்கம், அத்தனையையும் கரைத்துத்தான் சால்வை வாங்கினேன். எதிரே முப்பத்தொரு தலைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தன, எண்ணெய் மின்னும் வகிடுகள், சிவப்பு ரிப்பன்கள். இதில் யார்? யாருமே இல்லாமலும் இருக்கலாம், கடவுளே, அப்படியே இருக்கட்டும். கடைசி பெஞ்சில் நிரஞ்சனா கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள், எழுதி எழுதி டீச்சரைத் திருட்டுத்தனமாக நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி மறைத்தாள். வகுப்பிலேயே ஊமைக்கோட்டான் அவள், வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள். அவளா? ஒரு வாரமாகவே முகம் வாடியிருக்கிறதே. படித்துவிட்டால் என்ன? படித்தால் சத்தியம் போச்சு, இனி இந்த முப்பத்தொன்றும் எந்தப் பெரியவரிடமும் எதையும் எழுதாது, அவள் பதினாலு வயதில் மூடியதுபோல மூடிக்கொள்ளும். படிக்காவிட்டால் இன்னொரு கூடை. பத்து வரை எண்ணு கோகிலா, எண்ணிப் பார். எண்ணினாள். மூன்றுக்கு மேல் போகவில்லை.

மணி மூன்றே முக்கால். பிள்ளைகள் வரிசையாக வந்து போட்டார்கள், தகரத்தில் டொக் டொக்கென்று விழுந்தது. சிலர் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள், உண்டியல் நினைப்பில். எல்லாம் மடித்த சீட்டுத்தான். விரித்த தாள் எதுவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், வரவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. போன தடவைபோலவே இந்தத் தடவையும் ஆபத்து வரும் என்று எதிர்பார்க்கிறாயே முட்டாளே! முப்பத்தொன்றும் விழுந்தது. முன் வரிசைப் பிள்ளைகள் வாளியைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள், நான் கலக்குறேன் டீச்சர், நானுங்க டீச்சர், குச்சி எங்கீங்க டீச்சர். ஒருத்தி போட்டோவுக்காக ஜடையைச் சரிசெய்துகொண்டாள். கோகிலாமணி மூடியைத் திறந்து டப்பாவை வாளிக்கு மேலே கொண்டுபோனாள், சரித்தாள், ஒரு சீட்டு விளிம்புவரை வந்து நின்றது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து நின்றன. மின்விசிறி நின்றது. பல்லடத்தில் தறி நின்றால் வரும் அமைதி சாதாரண அமைதி இல்லை, பிறந்த குழந்தைகூட முழித்துக்கொள்ளும். பிள்ளைகள் சொல்லிவைத்ததுபோல வாயை மூடினார்கள். அந்த அமைதியில் வாளித் தண்ணீர் ஆடுவது கேட்டது. யோகஸ்ரீ குச்சியால் அடியில் அமுக்கியபோது வந்த சத்தம் அதேதான், தண்ணீருக்குள் காகிதம் மூச்சு விடுகிற சத்தம், குளுக்கென்று. இத்தனை நாள் தறி மூடிவைத்திருந்தது அதைத்தான். கோகிலாமணி டப்பாவை நிமிர்த்தினாள். ‘நான் இதையெல்லாம் படிக்கப் போறேன்’ என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. ‘பொய் சொல்லிட்டேன். முன்னால ஒருக்கா படிக்காம விட்டு, பெரிய தப்பு நடந்துபோச்சு. இனி என்னால அப்படி முடியாது. படிக்க வேண்டாம்னு நெனக்கிறவங்க வந்து அவங்கவங்க சீட்ட எடுத்துக்கங்க. ஏன்னு கேக்க மாட்டேன். படிச்சாப் பரவால்லன்னு நெனச்சா, பெட்டியிலயே உட்டுருங்க.’

முதலில் யாரும் நம்பவில்லை. அப்புறம் ஒரே ரகளை. ‘சத்தியம் பண்ணுனீங்களே டீச்சர்!’ என்று முன் பெஞ்சுக்காரி அழாத குறையாகக் கத்தினாள். ‘இது அநியாயமுங்க டீச்சர்’ என்று இன்னொருத்தி. கோபத்தை அடக்கச் சொல்லித்தரும் வகுப்பில் முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் கோபம் வந்திருந்தது. அவள் பத்து எண்ணச் சொல்லவில்லை, கோபப்படட்டும், படவேண்டியதுதான். மேசைமேல் சீட்டுகளைக் கொட்டினாள். பிள்ளைகள் மொய்த்துக்கொண்டு பிரித்துப் பார்த்து, அட இது உன்றது, இது என்றதில்ல என்று பிடுங்கி, கசக்கி, பைக்குள் திணித்து, ஒருத்தி வாயில் போட்டே மென்றாள். பாதி நிமிடத்தில் மேசையில் பாதி காலி. கோகிலாமணி நிரஞ்சனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராதே, எடுக்காதே, விட்டுவிடு கண்ணு. நிரஞ்சனா வந்தாள். தன் சீட்டைத் தேடி எடுத்தாள். எடுத்துக்கொண்டு போனவள் திரும்பி வந்து, அதை டீச்சர் கையிலேயே வைத்து, ‘உங்க மேலதானுங்க டீச்சர் கோவம். நீங்களே படிச்சுக்கங்க’ என்றாள். ஒரு வருடத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அது. ரிப்பன் கட்டாமல் வந்ததற்கு ஒரு வாரம் முன்னால் அவளை வெயிலில் நிறுத்தியதைப் பற்றி நாலு வரி, கடைசியில் ‘உங்களுக்கும் ஒருநாள் காலு சுடோணும்’ என்று. கோகிலாமணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ‘தப்புதான் அம்மிணி, மன்னிச்சுக்க’ என்றாள். மனசு இளகி, அவ்வளவுதானா, இவ்வளவுதானா என்று ஆறுதலாகச் சாய்கிற நேரத்தில், கொட்டிய இடத்தில் இன்னும் ஒரு சீட்டு கிடந்தது. நாலாக இல்லை, எட்டாக மடித்தது, பொட்டலம்போலத் தடித்து. யார் எடுக்காதது என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். முப்பது சீட்டும் கைக்கோ பைக்கோ வாய்க்கோ போய்விட்டது. மூன்றாம் பெஞ்சில் ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவே இல்லை, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் திறந்து திருகி மூடிக்கொண்டிருந்தாள். ஆயா தண்டவாளத்தை விடாமல் அடித்தாள். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். சஷ்டிகா புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள், வெளியே எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

எட்டு மடிப்பையும் பிரித்தாள். அவசரத்தில் ஓரம் கொஞ்சம் கிழிந்தது. இந்தத் தடவை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பவில்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, பிழையெல்லாம் சேர்த்து, விரல் வைத்துப் படித்தாள். சனிக்கிழமையானா எங்கம்மா வேலைக்குப் போறப்ப என்னய சித்தப்பா வீட்டுல உடுது. நான் போகமாட்டேன்னு சொன்னா அடிக்குது. போன வாரம் கட்டிலப் புடிச்சுட்டு அழுதேன். திமிரு புடிச்ச கழுதைன்னு சொன்னாங்க. ஏன் போகமாட்டீங்கறன்னு யாருமே கேக்கல. கேட்டா சொல்லீருவேன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. நாளைக்குச் சனிக்கிழமை. எனக்குச் சனிக்கிழமன்னாலே கோவம் வந்துருமுங்க என்று எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று அவள் சொன்னாள், நான் என்ன செய்தேன், சிரித்தேன், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். பாதத்திலிருந்து ஏறியது. முழங்கால், வயிறு, கழுத்து, காது மடல்வரை கொதித்தது. இருபத்தோரு வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு கோபம் வந்ததில்லை, யார்மேல் என்று பிரிக்கவும் முடியவில்லை, அந்தச் சித்தப்பன்மேல், அந்த வீட்டின்மேல், அந்த நீலப் புள்ளிக் கூடையின்மேல், வாளியின்மேல், தன் யோக்கியமான புன்னகையின்மேல். மூச்சை இழுக்கவில்லை. ஒன்றுகூட எண்ணவில்லை. சீட்டை மடிக்காமல் அப்படியே கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு மூன்றாம் பெஞ்சுக்குப் போனாள், சின்னப் பிள்ளைகள் உட்காரும் அந்தக் குட்டைப் பெஞ்சில் முழங்கால் இடிக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சஷ்டிகா பழக்கத்தில் சிரித்தாள், பல்லெல்லாம் தெரிய. அந்த நேரம் கரண்ட் வந்து தறிகள் மறுபடி பிடித்துக்கொண்டன, ஒன்று, இன்னொன்று, அப்புறம் அத்தனையும். சத்தத்தில் எதுவும் கேட்காது என்று கோகிலாமணி தன் காதை அந்தப் பிள்ளையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், ‘ஏன் கண்ணு போகமாட்டீங்கற?’ என்று கேட்டாள்.